மூலைக் கட்டத்துக் கைகள்

சட்டைத் தொழிற்சாலையில் அவளைக் கழுகக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தைத்து முடிந்த சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக அவள் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், பொத்தான் துளையில் ஒரு நூல் எட்டிப் பார்த்தாலும் அவள் கழுகுக் கண்ணுக்குத் தப்பாது, சட்டை வந்த வழியே திரும்பிவிடும். அவளைத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. "முகத்துக்கு நேரா நின்னு திட்டினா அக்கா உதட்டைப் படிச்சிடும். முதுகுப் பக்கம் நின்னு திட்டினா நமக்குத்தான் தொண்டை வலி" என்பார்கள் தையல் பெண்கள்.

அவள் கணவர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் சலூன் வைத்திருந்தார். வாய் ஓயாத மனிதர். கத்திரிக்கோல் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று நாள் முழுக்க ஓடும். கல்யாணம் பேசிய நாளிலேயே சைகை மொழியைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர் அவர். "வாயாலயும் பேசலாம், கையாலயும் பேசலாம்னா எனக்கு ரெட்டை லாபம்தானே" என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவருடைய கை அவருடைய வாயைப் போலத்தான். அவசரப்படும், பாதி வார்த்தையை முழுங்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். காது நன்றாகக் கேட்கும் பிள்ளை. ஆனால் அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே கை வந்துவிட்டது. பசிக்கிறது என்பதை அழாமல் சொன்ன குழந்தை. வளர்ந்து, படித்து, சைகை மொழிபெயர்ப்பில் பட்டயம் வாங்கி, தலைநகருக்கு வேலைக்குப் போனாள். ஒருநாள் கழுகக்காவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அம்மா, திங்கட்கிழமைலேர்ந்து டிவில மத்தியான நியூஸ்ல நான்தான். மூலையில ஒரு கட்டத்துக்குள்ள நின்னு சைகையில சொல்லுவேன். பாரு."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேற்பார்வையாளரிடம் போய், எழுதிக் காட்டி, திங்கட்கிழமை விடுப்பு வாங்கினாள். அன்று டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். வாசிப்பாளர் பெரிதாக நடுவில் உட்கார்ந்திருந்தார். மகள் கீழே வலது மூலையில், ஒரு தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள் நின்றாள். கறுப்புச் சட்டை, தூக்கிக் கட்டிய முடி. கைகள் எழுந்தன. பள்ளிக்கூடங்கள் திறப்பதையும், ஏதோ ஒரு பாலம் கட்டி முடிந்ததையும், நாளைக்கு மழை உண்டு என்பதையும் அவள் பெற்ற பிள்ளை அவளுக்கே சொன்னாள். அதுவரைக்கும் செய்தி என்பது கழுகக்காவுக்கு வாயசைக்கும் மனிதர்களும் ஓடும் எழுத்துகளும்தான். முதல் தடவையாக ஒருவர் திரையிலிருந்து அவளைப் பார்த்துப் பேசினார். பேசியது அவள் மகள்.

மறுநாள் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. செய்தி வரும் நேரத்தில் அவள் சட்டை மேசையில் இருந்தாள். தொழிற்சாலையில் டிவி இல்லை. சலூனில் இருந்தது. கணவர் பார்த்தார். முகத்தில் நுரையோடு ஒருவர் நாற்காலியில் காத்திருக்க, கையில் சவரக்கத்தியைப் பிடித்துக்கொண்டே முழுச் செய்தியையும் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் நின்று, மகள் சொன்னதை அப்படியே செய்து காட்டினார்.

கழுகக்கா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நம்ம பொண்ணு இப்படியா பேசுவா? நீங்க செய்யறது மாவு பிசையற மாதிரி இருக்கு."

"விஷயம் புரிஞ்சுதா இல்லையா?"

"மந்திரி பாலத்தைச் சாப்பிட்டார்னு புரிஞ்சுது."

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவருக்கும் தெரியும், அவளுக்கு வேண்டியது செய்தி மட்டும் இல்லை என்று. தலைநகருக்குப் போன பிள்ளை பண்டிகைக்கும் விடுமுறைக்கும்தான் வருவாள். மற்ற தாய்மார்கள் தொலைபேசியில் மகள் குரலைக் கேட்டு ஆறுதல்படலாம். இவளுக்குக் குரல் என்றால் அந்தக் கைகள்தான்.

வீட்டில் பழைய வீடியோ டெக் ஒன்று இருந்தது. அதில் பதிவுசெய்து பார்த்தார்கள். திரை முழுக்கப் புழுதி பறந்தது. தீப்பெட்டிக்குள் ஒரு நிழல் ஆடியது. விவரத்தைக் கேட்டு மகள் பதில் அனுப்பினாள். "என் ரூம்ல பழைய கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு. அதுலயே டிவிய பதிவு பண்ணலாம்மா. அதுக்குன்னு கார்டு விக்கறாங்க. கடையில கேட்டு வாங்குங்க."

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைகள் எல்லாம் ஒரே தெருவில் இருந்தன. அதில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், படிக்கட்டின் கீழே, ஒரு சின்னக் கடை. கடைக்காரர் எப்போதும் காதில் திருப்புளியைச் செருகியிருப்பார். கணவர் போய், "டிவிய கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும்" என்றதும் அவர் ஒரு விரல் நீளப் பொருளை எடுத்து நீட்டினார். வெளியிலிருந்தே செருகிக்கொள்ளலாம், கம்ப்யூட்டரைத் திறக்கக்கூட வேண்டாம் என்றார். வாங்கி வந்தார்.

அது வேலை செய்தது. அன்று மத்தியானம் கணவர் சலூனிலிருந்து ஓடிவந்து பொத்தானை அழுத்திவிட்டு ஓடினார். சாயங்காலம் போட்டுப் பார்த்தால் வாசிப்பாளர் பளிச்சென்று இருந்தார். சத்தமும் தெளிவு. "ஜோரா இருக்கே!" என்று கணவர் பெருமையாகத் திரும்பினார். அக்காவின் முகம் சுருங்கியிருந்தது. மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும்.

"இதோ இந்த இடம். மழை வரும்னு சொல்றாளா, வராதுன்னு சொல்றாளா?"

கணவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மகளின் கை நெஞ்சுக்கு நேரே இருந்தது. அடுத்த கணம் தோளுக்கு மேலே இருந்தது. நடுவில் அது போன பாதையைக் காணவில்லை. படம் தாவியிருந்தது. காது கேட்கிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. சத்தம் விட்டுப்போகாமல் வந்துகொண்டிருந்தது. அவளுக்கோ, வாக்கியத்தின் நடுவில் யாரோ வாயைப் பொத்திவிட்டது போல இருந்தது.

அடுத்த தடவை கடைக்குக் கழுகக்காவே போனாள். கணவர் அவள் கைகளை வாயால் சொன்னார். கடைக்காரர் வாயால் சொன்னதைத் தன் கைகளால் அவளுக்குச் சொன்னார். கடைக்காரர் குறை கேட்டதும் முகம் சுளிக்கவில்லை. திருப்புளியைக் காதிலிருந்து எடுத்து, தலையைச் சொறிந்தார்.

"உங்க கம்ப்யூட்டர் எந்தக் காலத்துதுண்ணே?"

"பொண்ணு காலேஜ் சேரும்போது வாங்கினது."

"அதான். இந்தக் குச்சி படத்தைக் கொண்டுவந்து கொட்டும், அவ்வளவுதான். அதைச் சுருக்கி மடிச்சு வைக்கிற வேலை பூராவும் கம்ப்யூட்டர் தலையில. பழசுக்கு மூச்சு வாங்கும். முடியாதப்போ நடுவுல ரெண்டு படத்தைக் கீழ போட்டுடும். நீங்க தனியாளா முடி வெட்டிக்கிட்டே, கூட்டிக்கிட்டே, போனையும் எடுத்தா எப்படி இருக்கும்? ஒரு காதுல கீறல் விழுமா இல்லையா?"

"நான் அப்படித்தான் செய்யறேன். யார் காதுலயும் கீறல் விழுந்ததில்ல."

கழுகக்கா கணவரின் கையைத் தட்டினாள். "அவர் என்ன சொன்னார்? உங்க பெருமையை அப்புறம் பேசுங்க."

வழி இரண்டு என்றார் கடைக்காரர். ஒன்று, கம்ப்யூட்டரையே புதிதாக மாற்றுவது. இன்னொன்று, சுருக்கி மடிக்கும் வேலைக்குத் தனியாக ஒரு சில்லு வைத்திருக்கும் கார்டு வாங்கிப் பழைய கம்ப்யூட்டருக்குள்ளேயே பொருத்துவது. அந்த வகையில் ஒன்றும், சில்லு இல்லாமல் ரிமோட், ரேடியோ என்று பகட்டான அட்டைப்பெட்டியில் ஒன்றும் அவரிடம் இருந்தன. சில்லு உள்ளதைத்தான் எடுக்கச் சொன்னார். அதற்குப் பெட்டிகூட இல்லை. வெறும் பச்சைப் பலகை, நடுவில் ஒரு கறுப்புச் சதுரம்.

கழுகக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குப் பாக்கணும்" என்றாள். "பொண்ணு பேசும்போது ரெண்டுலயும் ஓட்டிப் பாக்கணும்."

கடைக்காரரிடம் இதுவரை இப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. "சரி, செஞ்சிடுவோம்" என்றார்.

அரைநாள் விடுப்பில் அவள் மறுபடி வந்தபோது, மேசையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் வயிற்றைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. அவர்கள் வீட்டில் இருப்பதைப் போலவே வேகம் குறைந்தவையாகத் தேடி எடுத்துவைத்திருந்தார். ஒன்றில் பகட்டுக் கார்டு, ஒன்றில் பச்சைப் பலகை. கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டுக்கும் கொடுத்திருந்தார். செய்தி தொடங்கியதும் இரண்டிலும் பதிவு ஓடியது. மூலையில் மகள் வந்து நின்றாள்.

"எந்தப் பொண்ணு? வாசிக்கறவங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

கணவர் விரலால் மூலையைத் தொட்டுக் காட்டினார். "இது. என் பொண்ணு. எங்க பொண்ணு."

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "அட, நான் தினம் பாக்கறேனே! இந்தக் கட்டத்தை நான் இதுவரைக்கும் கவனிச்சதே இல்லையே அண்ணே" என்றார். மேல் மாடியில் சாமான் வாங்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். கணவருக்கு அது போதும். மகள் எப்போது பிறந்தாள் என்பதிலிருந்து ஆரம்பித்துவிட்டார். கழுகக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையில் நூல் தேடுகிற அதே கண்ணோடு இரண்டு திரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். பகட்டுக் கார்டில் கை அங்கங்கே தாவியது. குச்சியைவிடத் தேவலை, அவ்வளவுதான். பச்சைப் பலகையில் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் அவள் திரையில் விரலை வைத்தாள். மகள் கையை வேகமாக வீசும் இடத்தில் விரல் ஓரங்கள் கோடு கோடாகப் பிரிந்து தெரிந்தன.

"இங்க பிசிறு இருக்கு."

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "அக்கா கண்ணே கண்ணு. டிவி ஒரு படத்தை முழுசா அனுப்பாதுக்கா. ஒரு கோடு விட்டு ஒரு கோடா பாதியை அனுப்பும், அப்புறம் மிச்சப் பாதியை அனுப்பும். அதுக்குள்ள கை நகர்ந்துடுது. ரெண்டு பாதியையும் ஒட்டவச்சுக் காட்டினா சீப்புப் பல் மாதிரி தெரியும்."

"சீப்புன்னா நம்ம ஏரியா" என்றார் கணவர்.

"பதிவுல கோளாறு இல்ல. போட்டுக் காட்டற முறையைத்தான் மாத்தணும்." அவர் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, ஒரு இடத்தில் சொடுக்கினார். பாதிப் படங்கள் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி செய்தார். சீப்புப் பல் மறைந்தது. மகளின் கை நெஞ்சிலிருந்து தோளுக்குத் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போனது. நடுவிரல் லேசாக மடங்குவதுகூடத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் அந்த விரலை அப்படித்தான் மடக்குவாள்.

கழுகக்கா பச்சைப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில்தான் சின்னச் சண்டை. படத்தைத் தெளிவாக வைத்தால் இடம் நிறையப் பிடிக்கும் என்றார் கடைக்காரர். "பழசை அழிச்சிட்டு அதே இடத்துல புதுசை எடுத்துக்கலாமே" என்றார் கணவர்.

"எதை அழிக்கணும்? நீங்களே சொல்லுங்க" என்று கழுகக்காவின் கைகள் கேட்டன.

கணவர் இருந்ததிலேயே பெரிய டிஸ்க்கை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

வீட்டில் எல்லாம் ஒரே நாளில் சரியாகவில்லை. கேபிளை டிவிக்கும் கம்ப்யூட்டருக்குமாகப் பிரித்த மலிவான பிரிப்பான் படத்தில் புள்ளி தூவியது, நல்லதாக மாற்றினார்கள். மின்வெட்டு வந்து ஒரு செய்தி பாதியில் அறுந்தது. பாட்டரிப் பெட்டி ஒன்று வைத்தார்கள். தானாகப் பதிவாகும்படி நேரம் குறித்துவைத்த முதல் நாள், கணவர் சேனலை மாற்றிக் குறித்துவிட்டதால் மகளுக்குப் பதிலாக ஒரு அம்மாள் கேக் செய்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் சலூன்காரர் வாயும் கையும் கட்டி உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரின் விசிறி வேறு மாவு மில் மாதிரி இரைந்தது. "உனக்கென்ன, கேக்காது. நான்தானே அவதிப்படறேன்" என்று அவர் முறையிட்டபோது அவள் தோள்களைக் குலுக்கிக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அது நின்று நிலைத்தது. தினமும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, காப்பியோடு அவள் உட்காருவாள். மகள் பேசுவாள்.

விஷயம் மெல்லக் கசிந்தது. காது கேட்காத நண்பர்கள் அவளுக்கு அந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவர், ஒரு தச்சர், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருக்கும் தங்கை முறையுள்ள ஒருத்தி. எல்லோரும் மத்தியானம் வேலையில் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்த வாரத்துச் செய்தியை மொத்தமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். நாற்காலி போதாமல் கட்டிலை இழுத்துப் போடவேண்டி வந்தது. அறை முழுக்கக் கைகள். அரசியல் சண்டை, வானிலைச் சண்டை, யார் சொன்ன சைகை சரி என்ற சண்டை. கணவர் காப்பி கொடுத்துக்கொண்டே, "என் சலூன்லகூட இவ்வளவு பேச்சு கிடையாது" என்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தச்சர் எழுந்து, படத்தை நிறுத்தச் சொன்னார்.

"ரயில் எந்தக் கிழமை ஓடாதுன்னு சொன்னா? எனக்குத் தெரியல."

திருப்பிப் போட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. கழுகக்கா ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாள். மகளின் கை கிழமையைச் சொன்ன அந்தக் கணத்தில் பாதிக் கை கட்டத்துக்கு வெளியே இருந்தது. கட்டம் கையை வெட்டியிருந்தது. பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் இருந்தது, நிறைய இடத்தில் இருந்தது. மங்கலான படத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்றே மகளுக்குச் செய்தி போனது. பதில் நீளமாக வந்தது. "தெரியும்மா. கட்டம் ரொம்பச் சின்னது, பெருசாக்குங்கன்னு நான் பல தடவை கேட்டுட்டேன். பாக்கறவங்க யாரும் குறை சொல்லலையேங்கறாங்க."

கழுகக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே தீர்மானித்துவிட்டாள்.

அடுத்த வாரம் கடைக்காரரின் கடையில், அவருடைய சின்னக் கேமராவை வீட்டிலிருந்து தூக்கிவந்த கம்ப்யூட்டரின் பச்சைப் பலகையோடு இணைத்து, அவள் அதற்கு முன்னால் நின்றாள். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சேலைதான். முடியை மட்டும் கணவர் கத்தரித்துச் சரிசெய்திருந்தார். அவள் கையால் பேசினாள். கணவர் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தார். "சொன்னதை மட்டும் சொல்லணும். ஒரு வார்த்தைகூடச் சேக்கக்கூடாது" என்று முதலிலேயே எச்சரித்து, அவர் உதட்டின் மேல் ஒரு கண் வைத்திருந்தாள்.

"வணக்கம். உங்க செய்தியை நாங்க தினமும் பாக்கறோம். நாங்க காதால கேக்கறவங்க இல்ல, கையைப் பாத்துப் புரிஞ்சுக்கறவங்க. இப்ப சில இடங்களைக் காட்டறேன். ரயில் எந்தக் கிழமை ஓடாது? எந்தத் தெருவுல தண்ணி வராது? நீங்களே பாத்துச் சொல்லுங்க. கை கட்டத்துக்கு வெளியில போயிடுது. நாங்க குறை சொல்லலைன்னு சொன்னீங்களாம். இப்ப சொல்றோம்."

அவள் பேசிய பிறகு, வெட்டுப்பட்ட கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைக்காரர் அவற்றைச் சேர்த்து ஒரு வட்டில் பதித்துக் கொடுத்தார். மகள் என்று எங்கேயும் சொல்லவில்லை. "நான் பாக்கறவளா மட்டும்தான் கேக்கறேன்" என்று கழுகக்கா உறுதியாக இருந்தாள். கணவருக்கு அதைச் சொல்லாமல் இருப்பது பெரிய பாடாக இருந்தது. வட்டு தலைநகருக்குத் தபாலில் போனது.

வாரங்கள் போயின. பிறகு ஒரு சாதாரண சாயங்காலம், கழுகக்கா வழக்கம்போல அன்றைய பதிவைப் போட்டாள். வாசிப்பாளர் இடது பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். வலது பக்கம், திரையின் மூன்றில் ஒரு பங்கில், தலை உச்சியிலிருந்து இடுப்புவரைக்கும் மகள் நின்றாள். பின்னால் வெறும் நீலம். கைகளை அவள் இரண்டு பக்கமும் நன்றாக விரித்தாள். விரித்த கை திரைக்குள்ளேயே இருந்தது.

கழுகக்கா எழுந்துபோய்க் கணவரைத் தோளைப் பிடித்து இழுத்து வந்தாள். இருவரும் நின்றபடியே செய்தி முழுவதையும் பார்த்தார்கள்.

"உன் பொண்ணு எவ்வளவு பெருசாயிட்டா!" என்றார் அவர். கையால்தான் சொன்னார், அவசரப்படாமல்.

"நான் சொன்னேன்" என்றாள் அவள். "அவங்க கேட்டாங்க."

சற்று நேரத்தில் மகளிடமிருந்து செய்தி வந்தது. தயாரிப்பாளர் அந்த வட்டைக் கூட்டத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாராம். முடிந்ததும், "இந்த அம்மா யாரு? இவ்வளவு தெளிவா இருக்காங்களே" என்று கேட்டாராம். மகள், "எனக்குப் பேசக் கத்துக்குடுத்தவங்க" என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டில், நாற்காலி, தரை எல்லாம் நிறைந்துவிட்டது. கடைக்காரரும் வந்திருந்தார், புரியாவிட்டாலும் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி முடிந்ததும் தச்சர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார். சத்தமில்லாத கைதட்டல் அது. அறை முழுக்கக் கைகள் எழுந்து ஆடின. கழுகக்கா தானும் திரையைப் பார்த்துக் கையை உயர்த்தப் போனாள். அப்போதுதான் கவனித்தாள்: யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பிறகு, "போதும் போதும், காப்பி ஆறுது" என்று கையை வீசினாள். யாரும் கேட்பதாக இல்லை.